வாசகர் கேள்வி பதில்: எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்குத் தோட்டமும் திருச்சபையும் எவ்வாறு துணை நிற்கலாம்?

கடந்த இதழில் காசநோய் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதிலளித்தபோது, காசநோய் கண்டவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்காகவே ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை, ஹப்புத்தளை எனப் பல இடங்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயரில்லை, சிலவற்றில் ஊர்கூட இல்லை. எனவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகின்றோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கின்றோம்.

கேள்வி: நானும் கணவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கின்றோம். அவர் சில வருடங்கள் கொழும்பில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்து, கண்டிக்குச் சென்று மருந்து எடுத்து வருகின்றோம். கிளினிக் நாளில் பிரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போகாவிட்டால், மறுநாள் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் “எங்கே போனாய், துண்டைக் காட்டு” என்று கேட்கின்றார். சொல்லித்தான் ஆக வேண்டுமா? தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா?
— பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: சொல்ல வேண்டியதில்லை, சகோதரி. எந்த நோய்க்காகக் கிளினிக்குக்குப் போகின்றீர்கள் என்பதைக் கணக்கப்பிள்ளைக்கோ, வெளிக்கள உத்தியோகத்தருக்கோ, தோட்டத் துரைக்கோ (முகாமையாளருக்கோ) அறிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. வேலைக்கு வராத நாளில் மருத்துவம் பார்க்கப் போயிருந்தீர்கள் என்பதை உறுதிப்படுத்துமாறு நிர்வாகம் கேட்கலாம். நோயின் பெயரைக் கேட்பது வேறு விடயம்.

சர்வதேச தொழில் அமைப்பு 2010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 200ஆம் இலக்கப் பரிந்துரை, எச்.ஐ.வி.யையும் தொழிலையும் பற்றியது. தொழிலாளியையோ வேலை தேடி வருபவரையோ எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, தொற்றுப் பற்றிய விவரத்தை வெளியிடுமாறு கேட்கக் கூடாது, தொற்றையோ தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தையோ காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக் கூடாது, நோயினால் வரமுடியாத நாட்களை வேறெந்த நோய்க்கான விடுப்பையும் போலவே கருத வேண்டும் என்று அது கூறுகின்றது. பரிந்துரை சட்டமாகாது என்று சிலர் வாதிடலாம், அது சரிதான். ஆனால் அதே நெறிகளைக் கொண்ட, தொழில் உலகுக்கான தேசியக் கொள்கை ஒன்று இலங்கையிலும் உண்டு. வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும், அதே அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

வேலையை நிறுத்துவது பற்றிய உங்கள் அச்சத்துக்கு நேரடியாகப் பயன்படுவது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றி ஒருவரை நிறுத்துவதானால், அத்தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; இல்லையேல் தொழில் ஆணையாளரின் முன்அனுமதி வேண்டும். இதனால்தான் சில இடங்களில், சுயவிருப்பில் விலகுவதாக ஒரு கடிதத்தைத் தாமே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பார்கள். அவ்வாறான எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்; வாசித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், சொன்னவர், நாள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் திணைக்களத்திடமோ தொழில் நியாய மன்றிடமோ செல்ல வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது.

இவையெல்லாம் வம்பு வந்தபின் தேவைப்படுபவை. உங்களுடைய அன்றாடப் பிரச்சினையோ அந்தத் துண்டு. கிளினிக்கின் பெயர் அச்சிடப்பட்ட தாள் தேயிலை மலையில் கைமாறினால், மாலை கொழுந்து நிறுத்து முடிவதற்குள் லயம் (வரிசை வீடுகள்) முழுவதற்கும் செய்தி போய்விடும். ஆகவே அடுத்த முறை வைத்தியரிடம் இதை மறைக்காமல் சொல்லி, மருத்துவ சிகிச்சைக்கு வந்தார் என்று மாத்திரம் குறிப்பிடும் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். உடல்நிலை சீராகி, வைரசும் கட்டுக்குள் இருக்குமானால், ஒரு முறைக்குச் சில மாதங்களுக்கான மருந்தைத் தரும்படியும் கேட்கலாம். போகும் தடவைகள் குறைந்தால் இழக்கும் பெயரும் (நாட்கூலியும்) குறையும், கேள்வியும் குறையும். தோட்டத்தில் ஒருவருக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நோயாளியின் விவரத்தைக் காக்கும் தொழிற்கடமை உள்ள தோட்ட மருத்துவ உதவியாளரைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் முடிவு உங்களுடையதே.

தோட்ட நிர்வாகத்தினர் இதனை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோய்க்கான துண்டுகளை மலையில் கணக்கப்பிள்ளை வாங்கிப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்தி, அவற்றை நேரே டிஸ்பென்சரியில் ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவாருங்கள். டிஸ்பென்சரியிலிருந்து “இன்னார் இன்ன நாள் மருத்துவ விடுப்பு” என்ற ஒரு வரி அலுவலகத்துக்கு வந்தால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. கருச்சிதைவு ஏற்பட்ட பெண்ணுக்கும், மனநோய்க்கு மருந்தெடுக்கும் இளைஞனுக்கும், காசநோயாளிக்கும் அதே முறை பாதுகாப்பளிக்கும். எல்லோருக்கும் பொதுவான முறையாக இருப்பதால், எச்.ஐ.வி. உள்ளவர் யார் என்று தேடிப் பார்க்கவும் அங்கே இடமிருக்காது.

கேள்வி: நான் பதுளை மாவட்டத்தில் ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்கின்றேன். சபையைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாக என்னிடம் தனிமையில் சொன்னார். எவ்வாறோ செய்தி கசிந்து, நற்கருணையில் பொதுக் கிண்ணத்தை நிறுத்த வேண்டும் என்று சபைக் குழுவினர் சிலர் கேட்கின்றனர். வேறு சிலரோ, அவர் சபை முன் வந்து சாட்சி சொன்னால் எல்லோருடைய பயமும் தெளியும் என்கின்றனர். நான் என்ன செய்வது?
— போதகர் ஒருவர்

பதில்: ஐயா, மருத்துவ விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். எச்.ஐ.வி. உமிழ்நீரால் பரவுவதில்லை. ஒரே கிண்ணத்தில் பருகுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கைகொடுப்பதாலோ, கட்டியணைப்பதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ அது தொற்றாது. அது பரவும் வழிகள் பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தம் உடலில் ஏறுதல், ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றொருவர் பயன்படுத்துதல், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலூடாகவோ குழந்தைக்குச் செல்லுதல் ஆகியவையே.

பொதுக் கிண்ணத்துக்குப் பதிலாகத் தனித்தனிச் சிறு கிண்ணங்களைப் பயன்படுத்தும் சபைகள் பல உள்ளன, அதில் தவறில்லை. தடிமன், இருமல் போன்றவற்றை எண்ணி அந்த மாற்றத்தைச் செய்ய விரும்பும் சபை, அதனை வேறொரு காலத்தில் ஆறுதலாக யோசித்துச் செய்யலாம். இப்போது செய்தால் அந்த மாற்றமே அறிவிப்பாகிவிடும். அடுத்த ஞாயிறு வெள்ளித்தட்டில் சிறு கிண்ணங்கள் வரிசையாக வரும்போது, ஒவ்வொருவரும் அவற்றைப் பார்த்துவிட்டு அந்தச் சகோதரி எந்த வாங்கில் இருக்கின்றார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே கிண்ணம் இருந்தபடியே இருக்கட்டும். குழுவினர் எவருக்கேனும் அச்சம் தீரவில்லையானால், அவரைத் தனியே அழைத்து விளக்குங்கள். கிண்ணத்தில் எல்லோருக்கும் முன்பாக அந்தச் சகோதரி பருக, அவருக்குப் பின் நீங்கள் பருகலாமே என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அதுவும் அவரைச் சுட்டிக்காட்டுவதே ஆகும்.

சாட்சி என்ற யோசனையை நான் இன்னும் கவலையோடு பார்க்கின்றேன். உகண்டாவின் அங்கிலிக்கன் குருவான கிதியோன் பியாமுகிஷா, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1992ஆம் ஆண்டில் பகிரங்கமாகச் சொன்னவர். ஆபிரிக்க மதத் தலைவர்களில் அவ்வாறு வெளிப்படையாக அறிவித்த முதல்வராக அவரைக் குறிப்பிடுவார்கள். அவருடைய துணிவால் எத்தனையோ சபைகள் கண் திறந்தன. ஆனால் அவர் தாமாக எடுத்த முடிவு அது. பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், மறுபக்கத்துச் சுவருக்கு அப்பால் பேசுவது இப்பக்கம் கேட்கும் இடத்தில், கூலியும் வீடும் ஒரே தோட்டத்தைச் சார்ந்திருக்க வாழும் ஒரு பெண்ணிடம் அதே துணிவை எதிர்பார்ப்பது நியாயமாகாது. சபையின் பயத்தைத் தெளிவிக்கும் பொறுப்பு சபையினுடையது. அதற்கு அவருடைய வாழ்க்கையை விலையாகக் கேட்கக் கூடாது. அறிவூட்ட வேண்டுமானால், மாவட்ட பாலியல் நோய் கிளினிக்கின் வைத்தியரையோ பொதுச் சுகாதார உத்தியோகத்தரையோ அழைத்து, நீரிழிவு, காசநோய், எச்.ஐ.வி. மூன்றையும் பற்றி ஒரே நாளில் பேச வையுங்கள். உலக எயிட்ஸ் தினமான டிசம்பர் முதலாம் திகதியை ஒட்டிய ஞாயிறு அதற்குப் பொருத்தமானது.

செய்தி எவ்வாறு கசிந்தது என்பதையும் நீங்கள் அமைதியாக ஆராய வேண்டும். நமது சபைகளில் இது பெரும்பாலும் ஜெப விண்ணப்பத்தின் வழியாகவே நடக்கின்றது. “பெயர் சொல்லவில்லை, ஒரு சகோதரியின் பெரிய வியாதிக்காக விசேஷமாக ஜெபிப்போம், மாதாமாதம் கண்டிக்குப் போய்வருகின்றார்” என்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னால், அங்கிருப்பவர்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. சொன்னவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்காது. ஆயினும் தனிமையில் சொல்லப்பட்டதை, சொன்னவரின் அனுமதியின்றி ஜெபத்தில்கூடக் குறிப்பிடுவதில்லை என்ற ஒழுங்கைச் சபைக் குழு எழுத்தில் ஏற்றுக்கொள்வது அவசியம். கணக்குப் புத்தகத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஏழைகள் நிதியிலிருந்து அவருக்குப் பஸ் செலவு கொடுத்தால், ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் பதிவில் பெயரும் காரணமும் வரக் கூடாது. “மருத்துவ உதவி, போதகரின் பொறுப்பில்” என்ற தலைப்பில் தொகை மட்டும் இருந்தால் கணக்காய்வாளருக்குப் போதுமானது.

இந்த நோய் அவருடைய பாவத்தின் பலன் என்று எவராவது உங்களிடம் சொன்னால், பிறவிக்குருடனைக் கண்டு இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு கொடுத்த பதிலை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்பதே அந்தப் பதில். நமது சபைகளிலுள்ள பெண்களில் பலருக்கு இத்தொற்று திருமணத்தின் வழியாகவே வருகின்றது என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

கேள்வி: தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருக்கின்றேன். கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) ஒருவருக்கு எயிட்ஸ் என்று கதை பரவி, அவரோடு ஒரே மலையில் நிற்க மாட்டோம் என்று சிலர் சொல்கின்றனர். கத்தி பட்டால் தொற்றும், அவரைக் கடித்த அட்டை நம்மைக் கடித்தாலும் தொற்றும் என்பது அவர்கள் வாதம். அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, நோய் இல்லை என்ற ரிப்போர்ட் வாங்கிக் காட்டலாமா?
— தலவாக்கலை

பதில்: வேண்டாம். அது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் பெருந்தீங்கு. இன்று ஒருவருக்கு ரிப்போர்ட் வாங்கிக் காட்டினால், நாளை கதை கட்டப்படும் அடுத்தவரும் ரிப்போர்ட் காட்ட வேண்டும். காட்ட மறுப்பவருக்கு நோய் உண்டு என்றாகிவிடும். ரிப்போர்ட்டில் தொற்று இருப்பதாக வந்தால் அவரை அப்போது கைவிடுவீர்களா? “அவருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் இந்த மலையில்தான் வேலை செய்வார்” என்று தொழிற்சங்கத்தின் பெயரால் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தலைவர் ஒருவருக்கு மட்டுமே முடியும்.

கத்தியைப் பற்றி: உடலுக்கு வெளியே இரத்தம் காயும்போது எச்.ஐ.வி. விரைவில் தொற்றும் ஆற்றலை இழந்துவிடும். ஒருவர் பயன்படுத்திய கத்தியைப் பின்னர் கழுவி மற்றவர் பயன்படுத்துவதால் ஆபத்து இல்லை. எனினும் காயம் எவருடையதாக இருந்தாலும் வெறுங்கையால் இரத்தத்தைத் தொடாமல், கையுறையுடன் கட்டுப்போடுவதே முறை. மலைக்கு முதலுதவிப் பெட்டியும் கையுறையும் வரவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், அது உங்களுக்குரிய உரிமை. ஒருவருடைய இரத்தம் மற்றவரின் ஆழமான வெட்டுக்குள் நேரடியாகச் சென்றுவிட்டது என்று அச்சம் ஏற்பட்டால், சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, 72 மணித்தியாலத்துக்குள், இயன்றவரை அன்றே, வைத்தியசாலைக்குச் சென்றால் தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு.

அட்டைக் கடியால் எச்.ஐ.வி. தொற்றியதாக அறியப்பட்ட சம்பவம் எதுவும் இல்லை. வயிறு நிறையக் குடித்த அட்டை விழுந்துவிடும். அது மறுபடி கடிக்க வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். நுளம்பும் இதனைப் பரப்புவதில்லை.

கேள்வி: பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்கின்றேன். எங்களிடம் விடப்படும் ஒரு குழந்தையின் தந்தை இந்த நோயால் இறந்தார் என்று பேச்சு. மற்றத் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுக்கின்றனர். குழந்தைக்குப் பரிசோதனை செய்து காட்டும்படி தாயிடம் கேட்கலாமா?
— நானுஓயா

பதில்: கேட்கக் கூடாது. கேட்டாலும் பயனில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டில் குளியாப்பிட்டியில், தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியின் பேரில் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் சேர்த்துக்கொள்ளாமல் விட்டன. அவனுக்குத் தொற்று இல்லை என்று மருத்துவ அறிக்கை காட்டிய பின்னரும் மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர். கடைசியில் அவனுக்கு இடம் கொடுத்தது மலைநாட்டுப் பாடசாலை ஒன்று: அங்கிலிக்கன் திருச்சபை வழிவந்த, 1872இல் தொடங்கப்பட்ட கண்டி திரித்துவக் கல்லூரி. அவ்வருடம் ஏப்ரலில், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வி உரிமையை உறுதிசெய்வது அரசின் கடமை என்பதை உயர் நீதிமன்றமும் வலியுறுத்தியது.

மடுவத்தில் பிள்ளைகள் ஒரே பாயில் தூங்குவதாலோ, ஒரே கோப்பையில் பால் குடிப்பதாலோ, ஒருவரையொருவர் கடித்து விளையாடுவதாலோ இந்த நோய் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தாய்மாரிடம் பேச, தோட்ட நலன்புரி உத்தியோகத்தரையும் குடும்பநல மருத்துவ மாதுவையும் அழையுங்கள். ஆனால் அக்கூட்டத்தை அந்தத் தாய் அங்கே இருக்கும்போது நடத்த வேண்டாம். குழந்தையை யாரேனும் வெளியேற்ற முயன்றால், மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். கண்டியிலும் பதுளையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள பெண் குழந்தை பெறலாமா?
— ஹப்புத்தளை

பதில்: பெறலாம். மருந்தைத் தவறாமல் எடுத்து, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே வைத்தியரின் ஆலோசனைப்படி நடந்தால், குழந்தைக்குத் தொற்றாமல் காக்க முடியும். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைக்கு அதில் பெரும் பங்குண்டு. மருத்துவ மாது அழைக்கும்போது அதைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: வளைகுடா நாடொன்றுக்குப் போவதற்காக மெடிக்கல் செய்தேன். எச்.ஐ.வி. என்று வந்தது. என்னை அனுப்பவிருந்த முகவர் அதை என் ஊரிலுள்ள உபமுகவருக்குச் சொல்ல, இப்போது நகரத்தில் நான் வேலை செய்த கடையிலும் மீண்டும் சேர்க்க மறுக்கின்றனர். என் வயது 24. வாழ்க்கை முடிந்ததா?
— நுவரெலியா மாவட்டம்

பதில்: முடியவில்லை, தம்பி. முதலில், அந்த ஒரு பரிசோதனையோடு நிற்காமல் நுவரெலியா பாலியல் நோய் கிளினிக்குக்குச் செல்லுங்கள். முதற்கட்டப் பரிசோதனையின் முடிவை உறுதிப்படுத்தும் பரிசோதனை அங்கிருந்து செய்யப்படும். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. சொந்த ஊருக்கு அருகில் போகத் தயக்கமாயின், கண்டிக்கோ பதுளைக்கோ போகலாம். தொற்று உறுதியானால் தாமதிக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள். பெரும்பாலானோருக்கு அது இப்போது நாளுக்கு ஒரு மாத்திரை. காலத்தில் தொடங்கி ஒழுங்காக எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம், உழைக்கலாம், மணம் முடிக்கலாம்.

வளைகுடா நாடுகள் எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலைக்கு எடுப்பதில்லை. அது அந்நாடுகளின் விதி, இப்போதைக்கு அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் முடிவை முகவர் மூன்றாம் ஆளுக்குச் சொன்னது மன்னிக்கத்தக்கதல்ல. நடந்ததை எழுதி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் முறையிடுங்கள். கடை முதலாளியிடம் நீங்கள் நோயைப் பற்றிப் பேசப் போக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த போதகரோ, குருக்களோ, ஆசிரியரோ ஒருவர் உங்கள் வேலைத்திறமைக்கு உத்தரவாதம் சொல்லி மீண்டும் சேர்க்கக் கேட்பது நல்லது. திருச்சபைகள் இத்தகைய இளைஞருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, சபையில் கடையோ, பட்டறையோ, பண்ணையோ வைத்திருப்பவரிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதே என்பது என் திடமான எண்ணம். ஆறுதல் வார்த்தை அதற்குப் பின் வரட்டும்.

கேள்வி: என் தம்பி மூன்று வருடமாக மாத்திரை எடுத்து வந்தான். ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்தபின், தான் முற்றாகக் குணமாகிவிட்டதாகச் சொல்லி நிறுத்திவிட்டான். “வைரஸ் கண்டறியப்படவில்லை” என்று கிளினிக்கில் கொடுத்த ரிப்போர்ட்டையே அதற்கு அத்தாட்சியாகக் காட்டுகின்றான். அவனுடைய விசுவாசத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கின்றது.
— ஓர் அக்கா, பண்டாரவளை

பதில்: தம்பியின் கையிலுள்ள ரிப்போர்ட் பொய்யல்ல. அவன் மூன்று வருடம் ஒழுங்காக மாத்திரை எடுத்ததன் பலன் அது. மருந்து வைரசைப் பெருகவிடாமல் அடக்கி, இரத்தத்தில் அளந்து பார்க்க முடியாத அளவுக்குக் குறைத்திருக்கின்றது. ஆனால் உடலின் சில உயிரணுக்களுக்குள் அது நீறு பூத்த நெருப்பாகவே இருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே அளவு மீண்டும் உயரும்; எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கும்; நிறுத்துவதும் எடுப்பதுமாக இருந்தால், அதே மருந்துக்கு வைரஸ் கட்டுப்படாமலும் போகலாம். நிறுத்திய சில வாரங்களுக்கு உடல் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். அதுதான் அவனை மேலும் நம்பவைக்கும்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள். வைரஸ் இவ்வாறு கண்டறிய முடியாத நிலையில் இருக்கும்வரை, பாலுறவின் வழியாக அது துணைக்குப் பரவுவதில்லை. 2016இலும் 2019இலும் முடிவுகள் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வுகளில், தொற்று உள்ளவரும் இல்லாதவருமாகச் சேர்ந்து வாழ்ந்த தம்பதியரைப் பல வருடங்கள் கவனித்தபோது, அவ்வாறான நிலையிலிருந்த துணையிடமிருந்து தொற்றிய ஒருவரைக்கூடக் காணவில்லை. மாத்திரையை நிறுத்தியவருக்கு இந்தப் பாதுகாப்பு நீடிக்காது. அவன் மணமானவனாயின், அல்லது மணம் பேசுகின்றீர்களாயின், இது அவனைப் பற்றிய விடயம் மட்டுமல்ல.

விசுவாசத்தோடு வாதிட வேண்டாம். “ஜெபத்தை விடு” என்றால் உங்களையும் விட்டு விலகிவிடுவான். அவன் மதிக்கும் போதகர் ஒருவரைச் சந்தித்து, தம்பியின் அனுமதி இருந்தால் மட்டும் விடயத்தைச் சொல்லுங்கள். அனுமதி இல்லையானால், நோயின் பெயரைக் குறிப்பிடாமல், “மருந்து எடுத்துக்கொண்டே ஜெபிப்பது விசுவாசக் குறைவா” என்ற கேள்வியை அவன் இருக்கும்போதே கேளுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டே பிரசங்கிக்கும் ஊழியர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் அதைத் தம் வாயால் சொன்னால் அவனுக்குப் புரியும். சுகமளிக்கும் கூட்டங்களை நடத்துபவர்களையும் நாம் தயவாய்க் கேட்டுக்கொள்கின்றோம்: வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்பதை மேடையிலிருந்து ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

அவன் விட்டுவிட்ட மாத்திரையைப் பழைய போத்தலிலிருந்து தானாகவே மீண்டும் தொடங்கச் செய்யாதீர்கள். இந்த வாரத்திலேயே கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, எத்தனை நாள் எடுக்கவில்லை என்பதை உண்மையாகச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே யாரும் ஏச மாட்டார்கள். இரத்தத்தைப் பார்த்து, எந்த மருந்தை எப்போது தொடங்குவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், “நீ குணமாகிவிட்டாய் என்றால் இன்னொரு முறை இரத்தத்தைப் பார்த்துவிட்டு வருவோமே” என்று கூப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் மறுக்க மாட்டான்.